எந்த அழகப்பன்?

பிள்ளையார்பட்டிக் கோயில் நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று. தாத்தாவின் பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது நகரத்தார் வழக்கம். இந்த வழக்கம் மருத்துவமனைக் கணிப்பொறியை எப்படித் திணற அடிக்கும், தெரியுமா?

சொ. அழகப்பன் என்ற பெரியவரை எடுத்துக்கொள்வோம். அவர் மகன் அழ. சொக்கலிங்கம். பேரன்? மறுபடியும் சொ. அழகப்பன்! பெயர் ஒன்று, தலைப்பெழுத்து ஒன்று, ஊரும் ஒன்று. பேரனுக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் காய்ச்சலோடு வருகிறான். வெளியே நீண்ட வரிசை. அவசரத்தில் தாத்தாவின் பதிவேடு திறக்கப்பட்டால் என்ன ஆகும்? அதில் ஒவ்வாமை பற்றி ஒரு சொல்லும் இராது. போடுகிற ஊசி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு சிக்கல் எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் தட்டும்போது 'ழ'வுக்கு ஒருவர் 'எல்' போடுவார். இன்னொருவர் 'இசட், எச்' போடுவார். கணிப்பொறிக்கு இவர்கள் இரு வேறு ஆட்கள்! பழைய பதிவேடு அகப்படாது. புதிதாக ஒன்று தொடங்கப்படும். ஒவ்வாமைக் குறிப்பு பழையதிலேயே தங்கிவிடும்.

இதற்கு 1918-லேயே ஒரு வழி பிறந்தது. அமெரிக்கரான ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை அது. முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் தருவார்கள். கற்பகம் என்பதை 'ஜி' போட்டு எழுதினாலும் 'கே' போட்டு எழுதினாலும் குறியீடு 'கே 612' தான். பலே! ஆனால் அழகப்பன்? ஒரு கூட்டலுக்கு 'ஏ 421', மற்றதற்கு 'ஏ 221'. ழகரத்திடம் சவுண்டெக்ஸ் தோற்றுவிடுகிறது. நம்மவர் பலரே ழவை ளவாகத்தானே உச்சரிக்கிறார்கள்! ஆகவே, தமிழ்நாட்டுக்கான மென்பொருள் இவ்விரு கூட்டல்களையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

2021-இல் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணை வீட்டில் மறந்து வருகிறவருக்கு மறுபடி பெயர்தானே துணை? அப்போது திரையில் பெயருக்குப் பக்கத்திலேயே வயதும் புகைப்படமும் பெரிதாகத் தெரிய வேண்டும். 'சரியான ஆள்தானா?' என்ற எச்சரிக்கையை எல்லோருக்கும் காட்டினால், படிக்காமலே விரல் அதை மூடிவிடும். ஒரே பெயரில் இருவர் இருக்கும்போது மட்டும் அது வரட்டும்.

கேட்கும் முறையும் முக்கியம். "அழகப்பன்தானே?" என்றால் தாத்தாவும் "ஆமாம்" என்பார், பேரனும் "ஆமாம்" என்பான். "உங்கள் பெயர் என்ன? வயது என்ன?" என்று கேட்டுத் தட்டச் சொல்லும் திரையில் இருவரும் தனித்தனியே நிற்பார்கள்.