கோடைக்கால ஏரி மீன்பாட்டின் சரிவு: எண்ணிக்கைக் குறைவா, இயக்கக் குறைவா?

கோடையில் ஏரி, கண்மாய்களில் தூண்டிலிலும் செவுள் வலையிலும் மீன்பாடு குறைவதை மீன்வளமே குன்றியதன் அறிகுறியாகக் கொள்ளும் போக்கு உண்டு. இது மறுஆய்வுக்குரியது.

நீரின் வெப்பம் உயர உயர அதில் கரையும் ஆக்சிஜனின் அளவு குறையும். கடல்மட்டக் காற்றழுத்தத்தில், 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகச் சுருங்கும். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தையொட்டி உயர்வதால், அதன் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. பாசி மிகுந்த ஏரிகளில் இரவு முழுதும் ஆக்சிஜன் செலவாவதால் விடியற்காலையில் பற்றாக்குறை உச்சமடைகிறது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்ல விரால் இதனைத் தாங்கும். கட்லா, ரோகு முதலிய கெண்டையினங்களோ இரைதேடலையும் நடமாட்டத்தையும் குறைத்துக்கொள்கின்றன. தூண்டிலும் செவுள் வலையும் மீன் தானே வந்து சிக்குவதைச் சார்ந்தவை. ஆதலின் அவற்றில் மீன்பாடு சரிகிறது.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்களில் நீர் வற்றும்போது நிகழும் மீன்பிடித் திருவிழா இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். அங்கு ஊர்மக்கள் ஊத்தா, கச்சா முதலியவற்றுடன் நீரில் இறங்கி மீனைத் தேடிச்செல்கின்றனர். நீர் சுருங்கி மீன்கள் நெருங்கியிருப்பதும் துணைசெய்ய, அதே கோடையில் மீன் மிகுதியாகக் கிடைக்கிறது.

எனவே, கோடை மீன்பாட்டை மட்டுமே கொண்டு மீன்வளத்தை மதிப்பிடுவதும், மீன்குஞ்சு விடும் அளவை முடிவுசெய்வதும் பிழைக்கு இடந்தரும். பிடிகருவி, நேரம், நீர்மட்டம், நீரின் வெப்பம் ஆகியவற்றையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும்.