இரட்டையர் எங்கே மிகுதி?

இரட்டைப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் பிறக்கின்றனர். ஆனால் எங்கும் ஒரே அளவில் அல்ல. நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்கள் வாழும் இக்போ-ஓரா என்னும் ஊரில், 1960களில் நைலாண்டர் என்ற மருத்துவர் எடுத்த கணக்குப்படி ஆயிரம் பேறுகளில் ஏறத்தாழ 45 இரட்டைப் பேறுகள். அக்காலத்து ஜப்பானில் ஆறுதான். ஐரோப்பாவில் 12 அளவு. நம் நாட்டில் பொதுவாகப் பத்துக்குக் கீழே.

ஏன் இத்துணை வேற்றுமை? இரட்டையரில் இரு வகை உண்டு, நண்பர்களே. கருவுற்ற முட்டை ஒன்றே இரண்டாகப் பிளந்து பிறப்போர் ஒரு வகை. இவர்கள் உலகெங்கும் ஆயிரம் பேறுகளுக்கு ஏறத்தாழ நான்கு இணைகள் என்ற அளவிலேயே பிறக்கின்றனர். யொருபாவும் ஜப்பானியரும் நாமும் இதில் ஒன்றே. ஒரே காலத்தில் இரு முட்டைகள் முதிர்ந்து தனித்தனியே கருவுறுவது மற்றொரு வகை. வேற்றுமையெல்லாம் இங்கேதான்.

இதை எப்படிப் பிரித்தறிந்தனர்? 1901-இல் வைன்பெர்க் என்னும் ஜெர்மானிய மருத்துவர் ஓர் எளிய வழி சொன்னார். ஒரு முட்டை இரட்டையர் இருவரும் ஆணாகவோ பெண்ணாகவோதான் இருப்பர். இரு முட்டை இரட்டையரில் பாதிப் பேர் ஆணும் பெண்ணுமாக அமைவர். ஆகவே ஆண்-பெண் இணைகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் இரு முட்டை இணைகளின் தொகை கிடைத்துவிடும். நூறு இணைகளில் முப்பது ஆண்-பெண் இணையானால், அறுபது இரு முட்டையைச் சேர்ந்தவை. பிறப்புப் பதிவேடும் பென்சிலும் போதும்! ஆய்வுக்கூடத்தில் விலையுயர்ந்த கருவிகளோடு மல்லாடும் எனக்கு இதில் சற்றுப் பொறாமையே.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹார்மோன் ஒன்று சூற்பையில் முட்டையை வளர்க்கிறது. அது மிகுந்தால் இரண்டு முதிரக்கூடும். இரட்டையரைப் பெற்ற யொருபாத் தாய்மாரிடம் அது மிகுதி என்று நைலாண்டர் கண்டார். ஐரோப்பிய மரபுத் தாய்மாரை ஆராய்ந்தவர்கள் 2016-இல் இதனோடு தொடர்புடைய இரு மரபணுப் பகுதிகளைச் சுட்டினர். தாயின் வயதும் சேரும்; முப்பதுகளின் பிற்பகுதி வரை வாய்ப்பு ஏறுகிறது. இக்போ-ஓரா மக்களோ வள்ளிக்கிழங்கையும் வெண்டை இலைக் குழம்பையும் காரணமாகச் சொல்கின்றனர். அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஒட்டிய வாழைப்பழத்தைப் பெண்களுக்குக் கொடுக்க அஞ்சும் நம் பாட்டிமார் அவர்களைப் பார்த்து நகைக்க இயலாது.

இத்தகைய எண்களைக் காட்டி, “இனத்துக்கு இனம் இரத்தமே வேறு” என்று வாதிடுவோரை இங்கும் கேட்டிருக்கிறேன். இக்போ-ஓராவிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேறு ஒற்றைப் பேறுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மேலும், 1980களுக்குப் பின் செல்வ நாடுகளில் செயற்கைக் கருத்தரிப்பாலும் தாமத மணத்தாலும் இரட்டையர் பெருகினர். இரத்தமா மாறிற்று?

யொருபா வீட்டில் முதலில் பிறப்பவர் தைவோ, பின்னர் வருபவர் கெஹிந்தே. பின்னவரே மூத்தவராம், உலகைப் பார்த்துவர இளையவரை முன்னே அனுப்பினாராம்! ஒருவர் இறந்தால் மரப்பாவை செய்து, அதை நீராட்டி உணவு படைப்பதும் அவர்களது பழைய வழக்கம். அப்பாவைகள் மிகப் பல. சகாரவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இரட்டையருள் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்குள் இறப்பதாக 2017-இல் வந்த ஓர் ஆய்வு கூறுகிறது. குறைமாதப் பிறப்பும் எடைக் குறைவும் இதற்குப் பெருங்காரணங்கள்; பேறுகாலத்தில் மருத்துவரும் மருத்துவமனையும் எட்டாத் தொலைவிலிருப்பது மற்றொன்று.