உபயம் எழுத இடமில்லாத தருமம்

நம் ஊர்க் கோவில்களிலும் பள்ளிகளிலும் மின்விசிறி சுழலும்போது அதன் இறக்கையில் எழுதியிருப்பது தெரிவதில்லை, நின்றவுடன் தெரிகிறது. இன்னார் உபயம், இன்னாரின் நினைவாக என்று சிவப்பு எழுத்துகள் நம்மை நோக்குகின்றன. குழல்விளக்கிலும் அப்படியே, அங்கே எழுத்துகளே பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடுவதும் உண்டு. இதனை நாம் ஏளனமாகக் குறிப்பிடவில்லை. கொடுத்தவர் தம் பெயரோ தம் பெற்றோர் பெயரோ நிலைத்திருக்க விரும்புவது மனித இயல்பே. ஆனால் பள்ளி வயதை எட்டாத மழலையருக்கு உதவ முன்வரும்போது இவ்வியல்பு பெரிய இடறலாகிவிடுகிறது. அம்மழலைக்கு வேண்டுவது, தன்னோடு அமர்ந்து பேசவும் பாடவும் பொறுமையுள்ள ஒருவர். அவருக்கு மாதந்தவறாமல் ஊதியம். தன் தாயின் கவலையைக் கேட்க ஒரு செவி. இவற்றுள் எதன்மீது உபயம் எழுதுவது?

1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், நம் பாட்டிமார் மூன்று இராசாக்கள் திருநாள் என்று கொண்டாடும் அதே நாளில், உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொழிலாளர் குடியிருந்த அடுக்குக் கட்டடம் ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். (இவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாகத் தாயகம் திரும்ப இயலாமல், கோடைக்கானலிலும் சில காலம் தங்கியவர். ஆகவே நமக்கு முற்றிலும் அயலார் அல்லர்.) அவருடைய பயிற்றுமுறையைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. அந்த இல்லத்திற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்தாம் குறைவு.

அக்கட்டடங்களை வாங்கிச் சீர்செய்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்ட நிறுவனத்தார் ஒரு தொல்லையைக் கண்டனர். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின், பள்ளிக்குச் செல்லும் வயதில்லாத சிறார் நாள் முழுதும் கேட்பாரற்றுத் திரிந்தனர், சுவர்களில் கிறுக்கினர், படிக்கட்டுகளைப் பாழாக்கினர். சுவரைப் பழுதுபார்க்க ஆகும் செலவைக் கொண்டே சிறாரைப் பேண ஒருவரை அமர்த்திவிடலாமே என்று அவர்கள் கணக்கிட்டனர். இரக்கத்தோடு கணக்கனின் பேனாவும் சேர்ந்து பெற்ற பிள்ளை அவ்வில்லம் எனலாம். அதனால் அதன் மாண்பு குறைந்துவிட்டதாக நாம் கருதவில்லை. இரக்கம் சில மாதங்களில் களைத்துப்போவதுண்டு. செலவுக் கணக்கில் ஏறிவிட்ட தொகையை அவ்வளவு எளிதில் நிறுத்திவிட முடியாது.

ஆசிரியை அக்குடியிருப்பிலேயே வாழ்ந்தார். பெற்றோர் கட்டணம் ஏதும் செலுத்த வேண்டியதில்லை; ஆனால் அவர்களுக்கென விதிகள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூய உடையில் அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையைச் சந்தித்துப் பிள்ளையைப் பற்றி உரையாட வேண்டும். தவறினால் பிள்ளை விலக்கப்படும். தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தாய்மாரை அறிந்த நமக்கு முதல் விதி சற்றுக் கொடிதாகவே படுகிறது. இரண்டாவது விதியோ பொன்னானது. பிள்ளையைப் பேணுவதும் குடும்பத்தைத் தாங்குவதும் வெவ்வேறு பணிகள் அல்ல என்பதை அவ்வாரச் சந்திப்பு உணர்த்தியது. நகரத்துச் செல்வச் சீமாட்டிகளும் விலையுயர்ந்த பொம்மைகளை வழங்கி உதவினர். அவை கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் பிள்ளைகள் அவற்றை விரும்பி எடுக்கவேயில்லை என்று மாண்டிசோரி பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அதே இத்தாலி நாட்டில், உலகப்போர் ஓய்ந்த 1945ஆம் ஆண்டின் இளவேனிலில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. வடபகுதியிலுள்ள ரெச்சோ எமிலியா நகரை அடுத்த வில்லா செல்லா என்னும் சிற்றூரில், பின்வாங்கிய செருமானியப் படை ஒரு பீரங்கி வண்டியையும் சில சரக்கு வண்டிகளையும் குதிரைகளையும் விட்டுச் சென்றிருந்தது. ஊரார் அவற்றை விற்றனர். கையில் வந்த பணத்தை என்ன செய்வது? நாடகக் கொட்டகை கட்டலாம் என்று ஆடவர் சிலர் கூறியதாகவும், பெண்கள்தாம் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதாகவும் சொல்கின்றனர். பள்ளியே வென்றது. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளிலிருந்து செங்கற்களைப் பொறுக்கினர். ஆற்றிலிருந்து மணல் எடுத்தனர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரவுகளிலும் ஊரே கூடி உழைத்தது. இச்செய்தியைக் கேள்வியுற்ற இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி நம்பமுடியாமல் மிதிவண்டியில் அங்கே விரைந்தார். பெண்கள் செங்கற்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்ததைக் கண்டார். 1994இல் இறக்கும்வரை அப்பணியை விட்டு நீங்கவில்லை.

கொன்று குவிக்கும் பீரங்கியை விற்று மழலையருக்குப் பள்ளி எழுப்பிய இவ்வரலாற்றை மறையுரைகளில் கேட்டு மகிழ்வதோடு நாம் நிறுத்திக்கொள்வது நன்றன்று. பீரங்கி ஒருமுறைதான் விற்கும். அதன் பிறகு? அவ்வட்டாரத்தில் இவ்வாறு மக்களே தொடங்கிய பள்ளிகள் பல இருந்தன. அவற்றுள் சில பணமின்றி மூடப்பட்டன. எஞ்சியவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. நகராட்சி 1963இல் தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. பெற்றோர் நடத்திவந்த பள்ளிகளும் 1967இல் நகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. இன்று பல நாட்டு ஆசிரியர் அந்நகருக்குச் சென்று பயில்கின்றனர். ஊராரின் கொடை வழியைத் திறந்தது. வரிப்பணம் வந்த பின்னரே அது நிலைபெற்றது. அரசு செய்யட்டும் என்று அப்பெண்கள் 1945இல் காத்திருந்தால் 1967இல் ஏற்று நடத்துவதற்கு எதுவும் இருந்திராது என்பதும் உண்மை.

இத்தகைய பணியின் பயனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி நகரில் 1962இல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் 58 பேருக்கு மட்டும் காலைதோறும் இரண்டரை மணிநேரம் மழலைப்பள்ளி. அத்துடன் ஆசிரியையே வாரம் ஒருமுறை பிள்ளையின் வீட்டிற்குச் சென்று ஒன்றரை மணிநேரம் தாயுடனும் பிள்ளையுடனும் இருந்தார். அறிவுத்திறன் தேர்வில் அப்பிள்ளைகளுக்குக் கிடைத்த ஏற்றம் சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. அத்தோடு ஏட்டை மூடியிருந்தால் பணம் வீண் என்றே தீர்ப்பாகியிருக்கும். ஆனால் 40 வயதில் அவர்களை மீண்டும் தேடிச் சென்று கண்டபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் பள்ளிக்கு வராத பிரிவில் நூற்றுக்கு 55 பேர், வந்த பிரிவில் 36 பேர். வருவாயிலும் இப்பிரிவினரே முந்தினர். இவற்றுள் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீடு தேடிச் சென்றதன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

வீடு தேடிச் செல்வது நமக்குப் புதிதன்று. 1833இல் பாரிசு நகரில் பிரெடரிக் ஓசானாமும் தோழரும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் உயிர்நாடியே ஏழையின் இல்லத்தைச் சந்திப்பதுதான். நம் பங்குகளில் அச்சபையினர் அரிசியும் மருந்துச் செலவும் கொடுத்து வருகின்றனர். திண்ணையில் தவழும் பிள்ளை ஒன்றரை வயதாகியும் ஏன் ஒரு சொல்லும் பேசவில்லை என்று பார்க்கவும் அக்கண்களுக்குப் பழக்கம் வேண்டும் என்பது நம் விழைவு.

நம் நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. தில்லியில் 1969இல், கட்டட வேலைத் தளத்தில் தாய்மார் கல்லும் மண்ணும் சுமக்க, அவர்களின் கைக்குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அம்மையார், அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். கட்டடம் முடிந்து தொழிலாளர் வேறிடம் சென்றால் காப்பகமும் உடன் சென்றது. ‘மொபைல் கிரஷஸ்’ என்னும் பெயரும் அதற்கு அதனாலேயே பொருந்திற்று. நன்கொடையாளரோடு கட்டட ஒப்பந்தக்காரரிடமும் அவர்கள் பங்கு கேட்டனர். யாருடைய வேலைக்காகத் தாய் வந்தாளோ அவரும் பிள்ளைக்குப் பொறுப்பு என்னும் இவ்வாதம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1996இல் இயற்றப்பட்ட கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 20 பெண்கள் வேலை செய்யும் இடத்துக் குழந்தைகளைப் பற்றிச் சட்டம் பேசவில்லை.

தமிழகத்தில் ஊர்தோறும் அங்கன்வாடி உண்டு. 1975இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. சத்துணவும் முன்பருவக் கல்வியும் அங்கே கிடைக்கின்றன. அதற்குப் போட்டியாக நாம் வண்ணச் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. நடக்கத் தொடங்காத குழந்தையை நாளெல்லாம் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. தாய் களத்து வேலையிலிருந்தோ சித்தாள் வேலையிலிருந்தோ திரும்புமுன் பெரும்பாலும் அது மூடப்பட்டுவிடுகிறது. அந்நேரங்களில் எட்டு வயதுத் தமக்கை பள்ளியைவிட்டு நின்று தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். அத்தெருவிலேயே நம்பிக்கைக்குரிய ஒரு பெண்மணிக்கு மாத ஊதியம் தந்து ஆறேழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்தால், தம்பியோடு தமக்கையும் காப்பாற்றப்படுவாள்.

ஊதியத்திற்கு வழி? மிசோராம் மாநிலத்துக் கிறித்தவக் குடும்பங்களில் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி தனிப் பாத்திரத்தில் எடுத்து வைக்கப்படுகிறது. பெண்கள் அதனைத் திரட்டி விற்கின்றனர். ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் சேரும் அப்பணத்தால் திருச்சபைப் பணியாளர் பலருக்கு ஊதியம் கொடுக்கப்படுகிறது. நூறாண்டுக்கும் மேலாக இது நடந்து வருகிறது. பிடியரிசிக் கலயம் நம் அன்னையருக்கும் பழக்கமானதே. சில ஊர்களில் இன்னும் அடுப்படி மூலையில் இருக்கிறது. பிடியரிசியில் பெயர் எழுத முடியாது. கூலிக்குச் செல்பவளும் கொடுக்கலாம். அவளே தன் பிள்ளையை அக்காப்பகத்தில் விடலாம். மாதக் கணக்கைப் படிக்கும்போது எழுந்து கேள்வியும் கேட்கலாம். சபைக் கூட்டங்களில் இதனை எடுத்துப் பேச விரும்புவோர், முதலில் தங்கள் தெருவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், பகலில் அவர்களை வைத்திருப்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நலம்.