உயிர் காத்த வீரம்

போர்க்கள வீரம் என்றால் எதிரியை வீழ்த்துவது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸை இருமுறை பெற்றவர்கள் வரலாற்றில் மூவரே. அவர்களுள் இருவர் ராணுவ மருத்துவர்கள்.

அந்த இருவரில் ஒருவர் கேப்டன் நோயல் ஷவாஸ். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்ற இவர், முதல் உலகப் போரில் லிவர்பூல் ஸ்காட்டிஷ் படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றினார். 1916 ஆகஸ்டில், பிரான்ஸின் கில்மோன் போர்முனையில், கடும் குண்டுவீச்சுக்கு நடுவே பகல் முழுவதும் சிகிச்சை அளித்தார். இரவில், எதிரியின் அரண்களுக்கு முன்னால் நான்கு மணி நேரம் காயமுற்றோரைத் தேடினார். படுகாயமுற்ற சுமார் 20 பேர் இவரால் உயிர் பிழைத்ததாக விருதுக் குறிப்பு கூறுகிறது.

1917 ஜூலை 31-இல், பெல்ஜியத்தில் பாஸ்சண்டேல் போர் தொடங்கியது. காயமுற்ற வீரரைச் சுமந்து சென்றபோது தானும் படுகாயமடைந்த ஷவாஸ், இரு நாள்கள் பணியிடத்தை விட்டு அகல மறுத்தார். ஆகஸ்ட் 4-இல் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 32. இரண்டாவது விருது மறைவுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது. பிராண்ட்ஹூக்கில் உள்ள அவரது கல்லறைக் கல்லில் இரண்டு விக்டோரியா கிராஸ்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

எத்தனை பேரைக் கொன்றார் என்பதல்ல, எத்தனை பேரைக் காத்தார் என்பதும் வீரத்தின் அளவுகோலே என்பதற்கு அக்கல்லே சான்று.