வீட்டுப்பாடம் கேட்காத வீடு

கணக்கில் தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் தினமும் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்தால் அது நல்லதுதானே? எல்லா வீட்டிலும் அப்படியில்லை. முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரைக் கல்வியாண்டு முழுக்கக் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கற்ற கணக்கு குறைந்தது, கணக்குப் பயம் கூடியது. அதே பதற்றம் உள்ள பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தென்படவில்லை.

பெரிய பிள்ளைகளிடமும் இதே போக்குதான். 50 ஆய்வுகளைத் தொகுத்து நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் 2009இல் எழுதியதைப் பாருங்கள். படிப்பு எதற்கு, எப்படிப் படிப்பது, அடுத்து என்னவாக ஆசை என்று பேசுகிற பெற்றோரின் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். வீட்டுப்பாடத்தில் கைவைப்பதற்கு அந்தப் பலன் இல்லை. (பின்தங்கிய பிள்ளைக்குத்தான் கூடுதலாக உதவுவோம்; அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

சிங்கப்பூரின் காத்தோங்கில் பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது இருட்டிவிடும். அதற்குப் பிறகு எங்கே உட்கார்ந்து பேசுவது? கதவைத் திறந்ததும் வரும் முதல் கேள்வியே “ஹோம்வொர்க் முடிச்சாச்சா?” தான். கல்வி அமைச்சு தன் பங்குக்கு அழுத்தத்தைக் குறைத்திருக்கிறது. 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலைதான். 2023க்குள் தொடக்க, உயர்நிலை வகுப்புகள் எல்லாவற்றிலும் அரையாண்டுத் தேர்வுகள் நின்றுவிட்டன. வீட்டு விசாரணை மட்டும் நின்றபாடில்லை.

அதற்கு மாற்றாக ஒரு பழைய யோசனை இருக்கிறது. வியன்னாவின் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரின் வழிவந்த ருடால்ஃப் டிரைக்கர்ஸ் அமெரிக்காவில் பரப்பியது: குடும்பக் கூட்டம். கிழமை மாறாது, சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு பேச்சுரிமை, தலைமை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஞாயிறு மாலை தோதான நேரம். சிலோன் சாலை செண்பக விநாயகர் ஆலயத்துக்குப் போய்வருகிற குடும்பங்கள் திரும்பி வந்ததும் வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் தாராளம். மதிப்பெண் தாள் மேசைக்கு வரக்கூடாது. பிள்ளைதான் முதலில் பேச வேண்டும்: இந்த வாரம் எது வந்தது, எது மாட்டிக்கொண்டது. பெரியவர்கள் குறுக்கே விழாமல் கேட்பதுதான் கஷ்டம். தாத்தா “எங்க காலத்துல...” என்று தொடங்கினால், அன்று தலைமை வகிக்கும் பத்து வயதுக்காரி “தாத்தா, உங்க முறை அடுத்தது” என்று சொல்லலாம்.

கூட்டம் முடியும்போது ஒரே ஒரு திட்டம் போதும். ஆனால் அதில் நேரமும் இடமும் இருக்க வேண்டும். “இனிமே நல்லாப் படிக்கிறேன்” என்பது திட்டமில்லை. “செவ்வாய் பூப்பந்துப் பயிற்சி முடிஞ்சு குளிச்சதும், சாப்பாட்டு மேசையில பின்னக் கணக்கு அஞ்சு போடுறேன்” என்பது திட்டம். குளித்து முடித்ததே அடுத்த வேலையை நினைவூட்டிவிடும். மன உறுதியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்தபோது, இப்படி ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முடிவெடுத்தவர்களுக்கு இலக்கை எட்டுவதில் கணிசமான கூடுதல் பலன் தெரிந்தது. இந்தச் சான்றுகள் கூட்டத்தின் கூறுகளுக்கு உரியவை, கூட்டத்துக்கே நேரடியாகக் கிடைத்தவை அல்ல. என்றாலும் செலவில்லாத முயற்சி. செய்துபார்க்கத் தயங்க வேண்டாம்.

திட்டம் பிள்ளைக்கு மட்டும் போடுவது அநியாயம். பிள்ளை கணக்குப் போடும் நேரத்தில் அப்பாவின் கைப்பேசி அடுத்த அறையில் இருக்கும் என்பதும் எழுதப்பட வேண்டும். பாடமே வீட்டில் யாருக்கும் புரியவில்லையென்றால் அதையும் மூடி மறைக்காமல் பேசி, ஆசிரியரிடம் கேட்கலாம். 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் (சிண்டா) நடத்தும் துணைப்பாட வகுப்புகளும் இருக்கின்றன.

தொடக்கநிலை 6இல் பேசவேண்டிய பொருளே மாறிவிடும். பிஎஸ்எல்இ முடிவு வந்த சில நாள்களில் உயர்நிலைப் பள்ளிகள் ஆறைத் தேர்வு செய்ய வேண்டும். பக்கத்திலிருக்கும் தஞ்சோங் காத்தோங் உயர்நிலைப் பள்ளியா, தூரமானாலும் பிடித்த இணைப்பாட நடவடிக்கை உள்ள பள்ளியா? அந்த ஞாயிறும் பிள்ளையே முதலில் பேசட்டும்.