ஐசி நகலை நீட்டும் முன்

பெக்கோக் போன்ற தோட்டப்புறச் சிற்றூரிலும் இன்று எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வங்கி வரிசையில் நிற்காமல் பணம் அனுப்ப முடிவது தோட்டத் தொழிலாளிக்குப் பெரிய வசதி. ஆனால் சிம் அட்டையோ தவணை மோட்டார் சைக்கிளோ, எதை வாங்கினாலும் முதலில் கேட்பது ஐசி என்னும் அடையாள அட்டை. ஏன், எதற்கு என்று கேட்காமல் நகலை நீட்டிவிடுவதே வழக்கமாகிவிட்டது.

அந்த வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது 2017இல் தெரிந்தது. மலேசியாவின் 4.62 கோடி கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்தன. பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போதே நடப்பில் இருந்தது. ஆனால், கசிவை அறிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2024 திருத்தம் அதை மாற்றியது. 2025 ஜூன் 1 முதல், பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும், அடுத்த 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். சட்டக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 3 ஆண்டு வரை. கைரேகை, முகப்பதிவு போன்றவையும் இப்போது கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவுகள்.

ஒரு பெரிய ஓட்டை இன்னும் அடைபடவில்லை. மத்திய, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. உதவித்தொகை உரியவருக்குச் சேர வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 2024 ஜனவரியில் மத்திய அரசின் 'பாடு' தரவுத்தளம் தொடங்கியது. தொடங்கிய சில நாளிலேயே, பிறர் ஐசி எண்ணை வைத்துப் பதிய முடிகிறது என்ற புகார் எழுந்து, பிறகே பதிவுமுறை திருத்தப்பட்டது. பாதுகாப்பை முதலிலேயே சோதித்திருந்தால் மக்களின் நம்பிக்கை குலைந்திருக்காது. அரசும் இச்சட்டத்துக்குள் வருவதே நியாயம்.

இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தத் தேவைக்கு மட்டும் என்று எழுதித் தேதியிட்டுக் கொடுக்கலாம். தரவு அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. தமிழில் தரவேண்டிய கட்டாயம் இல்லை. எனவே புரியாதவர்கள், தெரிந்தவரைப் படித்துச் சொல்லச் செய்த பிறகே கையெழுத்திட வேண்டும். தம்மைப் பற்றி என்ன தரவு இருக்கிறது என்று எழுதிக் கேட்டால், நிறுவனம் பொதுவாக 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். விளம்பர அழைப்பை நிறுத்தச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. நிறுவனம் மறுத்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யலாம்.

கசிந்த விவரங்களைக் கொண்டு நடக்கும் மோசடியில் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே வங்கியையோ மோசடிப் புகாருக்கான 997 எண்ணையோ அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்க வழியுண்டு. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.