மணமற்ற எரிபொருளில் ஒரு வண்டி

சமையலறையில் எரிவாயு கசிந்தால் நம் மூக்கு உடனே எச்சரிக்கிறது. உண்மையில் அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். "ஹைட்ரஜனில் ஓடும் காருக்கும் அப்படியே செய்யலாமே, சார்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் செய்ய இயலாது.

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிரிகின்றன அல்லவா? அதைத் திருப்பிச் செய்வதே எரிபொருள் மின்கலம். 1839-லேயே வில்லியம் குரோவ் இதைச் செய்து காட்டினார். இன்றைய வண்டிகளில் மெல்லிய சவ்வு ஒன்றின் இருபுறமும் பிளாட்டினத் துகள்கள் படிந்திருக்கும். ஒருபுறம் வரும் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான் சவ்வின் ஊடே செல்கிறது. எலெக்ட்ரான் வெளிச்சுற்றில் சென்று மோட்டாரை ஓட்டுகிறது. மறுபுறம் இரண்டும் ஆக்ஸிஜனுடன் கூடி நீராகின்றன. கந்தகம் வந்தாலோ பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

அடையாற்றை அடுத்த தரமணியில், ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. மையத்தில் இத்தகைய கலங்களை ஆராய்கிறார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது. நம் ஊருக்கு அன்னியமான பொருளன்று இது.

ஆனால் நம் ஊர் வெயில் இதற்கு உகந்ததன்று. 80 கிலோவாட் மின்திறன் தரும் கலம் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தையும் வெளிவிடும். பெட்ரோல் எஞ்சினில் வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். இங்கோ ரேடியேட்டரையே நம்ப வேண்டும். கலத்தின் வெப்பநிலை சுமார் 75 டிகிரி. வெளியே 10 டிகிரி உள்ள நாட்டில் வித்தியாசம் 65. சென்னைக் கோடையில் 40 டிகிரி என்றால் வெறும் 35. ரேடியேட்டரின் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நல்லவேளை, உஸ்மான் சாலை நெரிசலில் ஊர்ந்து செல்ல அதிகத் திறன் வேண்டாம். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போதுதான் உண்மையான சோதனை. சூடு மிகுந்தால் ஈரம் வற்றிச் சவ்வு பழுதாகும். கடற்காற்றின் உப்பும் சவ்வுக்கு ஆகாது. சோடியம் அயனிகள் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காற்றை நன்கு வடிகட்டவேண்டும்.

இனி, கசிவு. காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் தீப்பற்றும். பெட்ரோல் ஆவியைப் பற்றவைப்பதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே இதற்குப் போதும். பகலில் அதன் சுடர் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆயினும் காற்றைவிட 14 மடங்கு லேசானதாகையால் திறந்த தெருவில் விரைந்து மேலெழுந்து கலைந்துவிடும். இந்த வகையில், தரையோடு தவழும் சமையல் வாயுவைவிட இது நல்ல பிள்ளை!

தி. நகர்க் கடைகளின் அடித்தள வண்டி நிறுத்தங்களில் கதை வேறு. மேலெழும் வாயு கூரையடியில் தேங்கும். அங்கே உணர்கருவிகளையும் வெளியேற்று விசிறிகளையும் கூரையிலேயே பொருத்த வேண்டும். வண்டியின் தொட்டியில் அழுத்தம் 700 வளிமண்டலம். தீ விபத்தில் தொட்டி வெடிக்காதிருக்க, சுமார் 110 டிகிரியில் ஒரு வால்வு தானே திறந்து வாயு முழுவதையும் வெளியேற்றிவிடும். திறந்த சாலையில் அது உயிர்காக்கும் ஏற்பாடு. தாழ்ந்த கூரையின் கீழ் அந்த வாயு எங்கே போகும் என்பதைக் கட்டடம் கட்டும் பொறியாளர் முன்பே யோசித்திருக்க வேண்டும்.